பழைய கணினிக்குப் புது முகம்: லினக்ஸ் டெஸ்க்டாப் சூழலைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. அதிலிருந்து மதுரையில் எனக்குத் தெரிந்தவர்கள் பலரும் ஒரே கேள்வியோடு வருகிறார்கள். "தம்பி, சிஸ்டம் நல்லாத்தான் ஓடுது. விண்டோஸ் 11 ஏற மாட்டேங்குது. லினக்ஸ் போட்டா பார்க்க எப்படி இருக்கும்?" சிம்மக்கல் பக்கம் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டி.டி.பி. கடைக்காரரும் இதைத்தான் கேட்கிறார், நாகமலைப் புதுக்கோட்டையில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற மாணவரும் இதைத்தான் கேட்கிறார்.

நம் ஊரில் பலருக்கு லினக்ஸ் என்றால் நினைவுக்கு வருவது 2011-இல் தொடங்கிய அரசின் இலவச மடிக்கணினித் திட்டம்தான். அதில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்ந்து வந்தது. அந்தத் திரை எப்படி இருந்ததோ அதுதான் லினக்ஸின் முகம் என்று பலர் முடிவு செய்துவிட்டார்கள். உண்மையில் லினக்ஸுக்கு ஒரே முகம் கிடையாது. அடியில் கணினியின் பாகங்களை இயக்கும் கெர்னல் என்ற மைய நிரல் ஓடுகிறது. மேலே நாம் பார்க்கிற பேனல், மெனு, ஜன்னல்கள், ஃபைல் மேனேஜர், செட்டிங்ஸ் எல்லாம் சேர்ந்த தொகுப்புக்கு டெஸ்க்டாப் சூழல் என்று பெயர். ஒரே லினக்ஸின் மேல் கேடிஇ பிளாஸ்மா, க்னோம், சின்னமன், எக்ஸ்எஃப்சிஇ என்று வேண்டியதைப் போட்டுக்கொள்ளலாம்.

இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரீன்ஷாட்டுகளைப் பார்த்து இதை முடிவு செய்யாதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டில் எல்லாமே அழகு. எந்தச் சூழலையும் கொஞ்சம் மெனக்கெட்டால் அழகாக்கிவிடலாம். ஆனால் தமிழ் ஒழுங்காக வருகிறதா, உங்கள் கணினி அதைத் தாங்குமா, உங்கள் கை அதற்குப் பழகுமா என்பதை வால்பேப்பர் மாற்றிச் சரிசெய்ய முடியாது. அதனால் இந்த வழிகாட்டியில் அலங்காரம் கடைசிக்குப் பக்கத்தில்தான் வரும்.

படி 1: கணினியையும் வேலையையும் ஒரு தாளில் எழுதுங்கள்

ரேம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க்கா எஸ்.எஸ்.டி.யா, திரையின் ரெசல்யூஷன் என்ன, தனி கிராபிக்ஸ் கார்டு உண்டா, கணினியைத் தொடுகிறவர்கள் எத்தனை பேர். இவ்வளவு தெரிந்தால் போதும்.

8 ஜிபி ரேமும் எஸ்.எஸ்.டி.யும் இருந்தால் எந்தச் சூழலும் நன்றாக ஓடும், தாராளமாகத் தேர்ந்தெடுக்கலாம். 4 ஜிபி என்றால் எக்ஸ்எஃப்சிஇ பக்கம் போவது நல்லது. நினைவகத்தை உண்மையில் விழுங்குவது பிரவுசர்தான் என்றாலும், அதற்கு மிச்சம் வைக்கிற சூழல் வேண்டும் இல்லையா? இன்னும் ஹார்டு டிஸ்க்கில் ஓடுகிற கணினியாக இருந்தால் முதல் செலவு எஸ்.எஸ்.டி.க்குத்தான். சூழலை மாற்றிக் கிடைக்கும் வேகத்தைவிட அதில் கிடைக்கும் வேகம் பல மடங்கு அதிகம்.

திரையைப் பலர் கவனிப்பதில்லை. பழைய மடிக்கணினிகளில் 1366-க்கு 768 திரைதான் அதிகம். அதில் அகலம் போதும், உயரம்தான் பற்றாக்குறை. க்னோம் மேலே ஒரு பட்டை வைக்கும். அதன் செயலிகளின் தலைப்பட்டையும் தடிமனாக இருக்கும். அந்த உயரத்தில் எம்எஸ் ஆபீஸ் போன்ற லிப்ரே ஆபீஸைத் திறந்தால் எழுத இடம் குறுகிவிடும். பிளாஸ்மாவிலோ எக்ஸ்எஃப்சிஇ-யிலோ பேனலைத் திரையின் இடப்பக்கம் செங்குத்தாக வைத்துவிட்டால் அந்த உயரம் முழுவதும் உங்களுக்கே.

கிராபிக்ஸ் விஷயத்தில், பழைய என்விடியா கார்டு இருந்தால் மட்டும் கொஞ்சம் யோசியுங்கள். க்னோமும் பிளாஸ்மாவும் இப்போது வேலண்ட் என்ற புதிய திரை முறையில் ஓடுகின்றன. பழைய என்விடியா டிரைவர்களுக்கும் அதற்கும் ஒத்துப்போவதில்லை. சின்னமனும் எக்ஸ்எஃப்சிஇ-யும் இன்னும் பழைய எக்ஸ்11 முறையையே முதன்மையாக வைத்திருக்கின்றன. அந்தக் கார்டுகளுக்கு அது பாதுகாப்பு. இன்டெல், ஏஎம்டி என்றால் இந்தக் கவலையே வேண்டாம்.

படி 2: நிறுவாமல் ஓட்டிப் பாருங்கள்

ஒரு 32 ஜிபி பென்டிரைவ் போதும். வென்டாய் என்ற இலவசக் கருவியை அதில் நிறுவுங்கள். நிறுவும்போது பென்டிரைவில் இருப்பது எல்லாம் அழிந்துவிடும். கல்யாண வீட்டுப் படங்களை முன்னாலேயே வேறு இடத்துக்கு எடுத்துவிடுங்கள். அதன்பிறகு ஐஎஸ்ஓ ஃபைல்களை (லினக்ஸ் முழுவதும் அடங்கிய நிறுவல் ஃபைல்கள்) அப்படியே காப்பி செய்து போட்டால் போதும். ஒரே பென்டிரைவில் நான்கைந்து லினக்ஸ் இருக்கும். பூட் ஆகும்போது எது வேண்டும் என்று பட்டியல் வரும்.

நான்கை மட்டும் இறக்குங்கள்: பிளாஸ்மாவுக்கு ஃபெடோரா கேடிஇ, க்னோமுக்கு உபுண்டு, சின்னமனுக்கு லினக்ஸ் மின்ட், எக்ஸ்எஃப்சிஇ-க்கு அதே மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. பெரும்பாலும் ஒவ்வொன்றும் 3 ஜிபி அளவில் இருக்கும்; உபுண்டு 6 ஜிபி வரை போகும். இறக்கியதும், ஃபைல் முழுதாக வந்ததா என்று அறிய, தளத்தில் கொடுத்திருக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த டவுன்லோடு பின்னால் விளங்காத பிழைகளைக் கொடுக்கும்.

கணினியை அணைத்து, பென்டிரைவைச் செருகி, பூட் மெனுவைத் திறக்கும் கீயை அழுத்துங்கள். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. ஹெச்பி-யில் எஃப்9. செக்யூர் பூட் (அறியாத சிஸ்டம் பூட் ஆகாமல் தடுக்கும் பாதுகாப்பு) இயங்கும் கணினியில் வென்டாய் முதல் முறை ஒரு சாவியைப் பதியச் சொல்லும். திரையில் வருகிறபடி செய்தால் போதும்.

இப்போது வருவது லைவ் அமர்வு. உங்கள் டிஸ்க்கை அது தொடாது. பென்டிரைவிலிருந்து ஓடுவதால் மெதுவாகத்தான் இருக்கும். வேகத்தை இதில் எடை போடாதீர்கள். உங்கள் வழக்கமான வேலையைச் செய்து பாருங்கள். வைஃபை வருகிறதா, பிரிண்டர் தெரிகிறதா, ஒலி சரியா, மடிக்கணினியை மூடித் திறந்தால் விழிக்கிறதா? இரண்டு ஜன்னல்களைப் பக்கம் பக்கமாக வையுங்கள். பத்து ஃபைல்களை ஒரு ஃபோல்டரிலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்துங்கள். மறைந்த ஜன்னலைத் திரும்பக் கொண்டுவர உங்கள் கை எங்கே போகிறது என்று கவனியுங்கள். கை தேடிய இடத்தில் பொருள் இருந்தால் அந்தச் சூழல் உங்களுக்கு ஒத்துவரும்.

படி 3: தமிழைச் சோதியுங்கள்

வாடகைக்கு வீடு பார்க்கப் போகிறவர் முதலில் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்றுதான் பார்ப்பார், சுவரின் பெயிண்ட் அப்புறம்தான். நமக்கு அந்தக் குழாய் தமிழ். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த ஒப்பீட்டிலும் இந்தச் சோதனை இருக்காது. நாமே செய்துகொள்ள வேண்டியதுதான்.

முதலில் காட்சி. லைவ் அமர்வில் பிரவுசரைத் திறந்து ஒரு தமிழ்ச் செய்தித்தளத்தைப் பாருங்கள். அங்கிருந்து ஒரு வரியைக் காப்பி செய்து, புதிய ஃபோல்டர் ஒன்றுக்குப் பெயராக ஒட்டுங்கள். ஸ்ரீ, க்ஷ, கௌ, டீ, லூ போன்ற எழுத்துகள் அதில் இருந்தால் நல்லது. இப்போது அந்தப் பெயரை ஃபைல் மேனேஜரிலும், ஜன்னலின் தலைப்பிலும், பேனலிலும் பாருங்கள். 'டீ'யின் மேல்சுழி வெட்டுப்படுகிறதா? 'லூ'வின் கீழ்ப்பகுதி அடுத்த வரியில் இடிக்கிறதா? புள்ளி வட்டம் தனியாக வருகிறதா? இவற்றில் பெரும்பாலானவை எழுத்துருவால் வருபவை, சரிசெய்யக்கூடியவை. கட்டளைகளை அடிக்கும் டெர்மினலில் மட்டும் தமிழ் சிதறித் தெரியும். எந்தச் சூழலுக்குப் போனாலும் அது ஓரளவு இருக்கும். அதை வைத்து எதையும் ஒதுக்கிவிட வேண்டாம்.

பிறகு இடைமுக மொழியைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தைவிட நீளம். பட்டன்களில் பாதிச் சொல் மறைகிறதா, செட்டிங்ஸ் ஜன்னல் திரைக்குள் அடங்குகிறதா என்பது அப்போது தெரியும். வீட்டில் ஆங்கிலம் அதிகம் படிக்காத பெரியவர் கணினியைப் பயன்படுத்துவார் என்றால் இது மிக முக்கியம்.

அடுத்து தட்டச்சு. இங்கே ஒரு நுட்பமான விஷயம் இருக்கிறது. கீபோர்டு செட்டிங்ஸில் தமிழ்99 என்று ஒரு லேஅவுட் தெரியும். அதைச் சேர்த்தால் எழுத்துகள் வரும், ஆனால் தமிழ்99-இன் சிறப்பான தானாகப் புள்ளி வைக்கும் வசதி வராது. அதாவது ககர விசையை இரண்டு முறை அழுத்தினால் 'க்க' வருவதும், 'ங'வுக்குப் பின் 'க' அழுத்தினால் 'ங்க' வருவதும் நடக்காது. அந்த லேஅவுட் ஒரு விசைக்கு ஒரு எழுத்து என்ற அளவில்தான் வேலை செய்யும். முன்னால் வந்த எழுத்து என்ன என்று அதற்குத் தெரியாது. விதிகளோடு கூடிய முழு தமிழ்99 வேண்டும் என்றால் ஐபஸ் அல்லது எஃப்சிடிஎக்ஸ்5 என்ற உள்ளீட்டுக் கருவியும், அதற்கான எம்17என் பொதியும் (பல மொழிகளின் தட்டச்சு விதிகள் அடங்கிய தொகுப்பு) வேண்டும். ஃபோனடிக் முறையில் அடிப்பவர்களுக்கும், பழைய தட்டச்சு முறைக்காரர்களுக்கும், இன்ஸ்கிரிப்ட் பழகியவர்களுக்கும் தேவையான அமைப்புகள் அதே எம்17என்-இல் இருக்கின்றன.

இதைப் பொருத்துவதில் சூழலுக்குச் சூழல் வேறுபாடு உண்டு. க்னோமில் மிக எளிது; ஐபஸ் அதற்குள்ளேயே பின்னியிருக்கிறது. பொதியை நிறுவி, செட்டிங்ஸில் கீபோர்டு பகுதிக்குப் போய் இன்புட் சோர்ஸ் சேர்த்தால் முடிந்தது. விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேர்த்து அழுத்தினால் மொழி மாறும். பிளாஸ்மாவில் எஃப்சிடிஎக்ஸ்5-ஐ நிறுவிய பின், சிஸ்டம் செட்டிங்ஸில் கீபோர்டுக்குக் கீழே விர்ச்சுவல் கீபோர்டு என்ற இடத்தில் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெயரைப் பார்த்தால் திரையில் வரும் கீபோர்டு என்று தோன்றும். வேலண்டில் உள்ளீட்டுக் கருவியை இணைக்கும் இடமே அதுதான். அதைத் தவறவிட்டுவிட்டு பிளாஸ்மாவில் தமிழ் வராது என்று திரும்பிப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். மின்டில் இன்புட் மெத்தட் என்ற தனிக் கருவி உண்டு. அதில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, லாக்அவுட் செய்து திரும்ப வந்தால் வேலை செய்யும்.

டி.டி.பி. கடைக்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் யூனிகோட் இல்லை. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை வைத்தவை. அவை லினக்ஸிலும் வேலை செய்யும், டிடிஎஃப் ஃபைலை எழுத்துரு ஃபோல்டரில் போட்டால் போதும். ஆனால் புதிய வேலைகளை யூனிகோடுக்கு நகர்த்துவதுதான் நல்லது. பக்க வடிவமைப்புக்கான ஸ்கிரைபஸின் 1.6 பதிப்பில், படம் வரையும் இங்க்ஸ்கேப்பில் யூனிகோட் தமிழ் சரியாகக் கோத்து வருகிறது. பழைய பேஜ்மேக்கர் ஃபைல்களைத் தொடர்ந்து திறக்க வேண்டிய கடை என்றால், அதற்காக ஒரு விண்டோஸ் கணினியை இணையத் தொடர்பில்லாமல் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். லினக்ஸில் அந்த வேலைக்கு நம்பகமான வழி இல்லை.

படி 4: நான்கில் ஒன்று

க்னோம் 1997-இல் மிகுவல் டி இகாசா, ஃபெடெரிகோ மெனா இருவரும் தொடங்கியது. 2011-இல் வந்த க்னோம் 3 பழைய மெனு, டாஸ்க்பார் எல்லாவற்றையும் கைவிட்டு, விண்டோஸ் கீயை அழுத்தினால் எல்லா ஜன்னல்களும் விரியும் முறைக்கு மாறியது. மெருகு என்று பார்த்தால் க்னோமுக்கு இணை குறைவு: அசைவுகள் மென்மையானவை, எழுத்துகளுக்கு இடையே நல்ல மூச்சு விடும் இடம், டச்பேடில் மூன்று விரல் நகர்த்தல் கையோடு ஒட்டி வரும். ஆனால் தன் வழியில்தான் நடக்கும். அசல் க்னோமில் மினிமைஸ் பட்டன்கூடக் கிடையாது. மாற்றங்கள் வேண்டும் என்றால் எக்ஸ்டென்ஷன்கள் என்ற துணை நிரல்கள் போட வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒரு முறை புதிய பதிப்பு வரும்போது அவற்றில் சில உடைந்து, ஆசிரியர் புதுப்பிக்கும் வரை காத்திருக்க வேண்டும். உங்கள் விருப்பப்படி திரையை வளைக்க ஆசைப்படுபவர் என்றால் க்னோம் உங்களைச் சோர்வாக்கும். வளைக்கத் தேவையில்லை, அது சொல்கிறபடி பழகிக்கொள்கிறேன் என்பவருக்கு நான்கிலும் அழகானது இதுதான்.

அந்த க்னோம் 3 பிடிக்காமல் லினக்ஸ் மின்ட் குழு கிளைத்து எடுத்ததுதான் சின்னமன். விண்டோஸ் 7 பழகிய கை அரை மணி நேரத்தில் இதில் வேலை செய்யும். கீழே பேனல், இடது மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம். ஆப்லெட் (பேனலில் வைக்கும் சிறு கருவி), டெஸ்க்லெட் (டெஸ்க்டாப்பில் வைக்கும் சிறு கருவி), தீம் எல்லாம் செட்டிங்ஸுக்குள்ளிருந்தே இறக்கலாம். கடையில் இரண்டு மூன்று பேர் மாறி மாறி உட்காரும் கணினிக்கும், வீட்டில் அப்பாவும் பிள்ளையும் பகிர்ந்துகொள்ளும் கணினிக்கும் நான் சின்னமனைத்தான் சொல்வேன். யாருக்கும் எதையும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்காது.

எக்ஸ்எஃப்சிஇ 1996-இல் ஒலிவியே ஃபூர்தான் தொடங்கியது. மெல்ல வளரும், குறைவாக உண்ணும். நிறுவியதும் பார்த்தால் சாதாரணமாக இருக்கும். தேடல் வசதியுள்ள விஸ்கர் மெனு, நல்ல ஐகான் தொகுப்பு, ஒரு புதிய தீம் போட்டால் முகம் மாறிவிடும். பழைய கணினிக்கு இதைவிட நம்பகமான துணை இல்லை. அதிக ரெசல்யூஷன் உள்ள சிறிய திரையில் மட்டும் தடுமாறும். 125 சதவீதம் போன்ற இடைப்பட்ட அளவுகளுக்கு எழுத்தின் டிபிஐ-யை (எழுத்து எவ்வளவு பெரிதாகத் தெரிய வேண்டும் என்ற அளவு) கூட்டிச் சமாளிப்பது நல்லது.

இனி பிளாஸ்மா. 1996 அக்டோபரில் ஜெர்மனியைச் சேர்ந்த மத்தியாஸ் எட்ரிச் தொடங்கிய கேடிஇ திட்டத்தின் இன்றைய டெஸ்க்டாப் இது. 2024 பிப்ரவரி 28 அன்று பிளாஸ்மா 6 வந்தது. மெருகும் வேண்டும், என் இஷ்டத்துக்கு மாற்றவும் வேண்டும் என்று இரண்டையும் கேட்பவருக்கு என் பதில் பிளாஸ்மா 6. ஒரு காலத்தில் கனமானது, தடுமாறுவது என்று அதற்குப் பெயர் இருந்தது. இப்போது 8 ஜிபி கணினியில் க்னோமுக்கு எந்த விதத்திலும் சளைக்காமல் ஓடுகிறது. 125, 150 சதவீத அளவுகளில் எழுத்து மங்காமல் வருவதில் இதுதான் முந்தி நிற்கிறது. மாற்றத்துக்கான வசதிகள் அதற்குள்ளேயே இருப்பதால், பதிப்பு ஏறும்போது எக்ஸ்டென்ஷன் உடையும் பிரச்சினை குறைவு.

வேறு சூழல்களும் உண்டு. சிஸ்டம்76 நிறுவனம் ரஸ்ட் மொழியில் புதிதாக எழுதும் காஸ்மிக் நம்பிக்கை தருகிறது, இன்னும் வயது வேண்டும். மேட்டே, பட்ஜி, எல்எக்ஸ்கியூட்டி எல்லாம் நல்லவையே. இந்த நான்கில் ஒன்று ஒத்துவராவிட்டால் அங்கே போகலாம்.

படி 5: அந்தச் சூழலோடு பிறந்த டிஸ்ட்ரோவை எடுங்கள்

உபுண்டு, மின்ட், ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகளுக்குத்தான் டிஸ்ட்ரோ என்று பெயர். இருக்கிற லினக்ஸின் மேல் இன்னொரு சூழலை ஏற்றலாம் என்று பலர் சொல்வார்கள். முடியும். ஆனால் இரண்டு ஃபைல் மேனேஜர், இரண்டு செட்டிங்ஸ், மெனுவில் எல்லாமே இரட்டை இரட்டையாக வந்து நிற்கும். ஒன்றின் தீம் இன்னொன்றின் நிறத்தைக் கெடுக்கும். லினக்ஸ் மின்டில் கேடிஇ பதிப்பு 18.3-ஓடு நின்றுவிட்டது. அதனால் மின்டின் மேல் பிளாஸ்மாவை ஏற்றாமல், பிளாஸ்மாவோடு வரும் டிஸ்ட்ரோவையே நிறுவுங்கள்.

பதிப்பையும் பாருங்கள். உபுண்டுவின் பிளாஸ்மா பதிப்பான குபுண்டு 24.04-இல் இருப்பது பிளாஸ்மா 5.27; அதை நிறுவிவிட்டு பிளாஸ்மா 6-இன் வசதிகளைத் தேடக் கூடாது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-இல் பிளாஸ்மா 6.3 இருக்கிறது, அடிக்கடி மாறக் கூடாது, நிதானமாக இருக்க வேண்டும் என்பவருக்கு அது பொருத்தம். புதியது உடனே வேண்டும் என்பவருக்கு ஃபெடோரா கேடிஇ. சின்னமனுக்கு லினக்ஸ் மின்ட் 22 வரிசை. 2029 வரை ஆதரவு உண்டு.

நிறுவுவதற்கு முன் உங்கள் ஆவணங்களை வெளி டிஸ்க்கில் நகல் எடுங்கள். பகலில் மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் நிறுவல் பாதியில் கரண்ட் போனால் திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

படி 6: பிளாஸ்மாவை அலங்கரிக்கும் வரிசை

வரிசை முக்கியம். பலர் முதலில் தீமில் தொடங்கி, அதற்குப் பொருந்தாத வால்பேப்பரோடும் எழுத்துருவோடும் மல்லுக்கட்டுவார்கள். பெரியதிலிருந்து சிறியதற்கு வாருங்கள்.

முதலில் வால்பேப்பர். திரையின் பெரும்பரப்பு அதுதான். நம்மிடம் படத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் மீனாட்சியம்மன் கோயிலின் தெற்குக் கோபுரத்தைக் கிட்டத்தில் எடுத்த படம் வால்பேப்பருக்கு ஆகாது. அவ்வளவு சுதைச் சிற்பங்களுக்கு நடுவே ஐகானின் பெயர் படிக்கவே முடியாது. ஒத்தக்கடைப் பக்கமிருந்து யானைமலை முழுசாகத் தெரியும்படி, மேலே பாதி வானமாக எடுத்த படம் அருமையாக உட்காரும். மாரியம்மன் தெப்பக்குளத்தில் தண்ணீர் நிறைந்த நாளில் எடுத்த படமும் அப்படியே. படம் திரையின் ரெசல்யூஷனுக்குக் குறையாமல் இருக்கட்டும்.

அடுத்து நிறம். சிஸ்டம் செட்டிங்ஸில் கலர்ஸ் பகுதியில், அழுத்த நிறத்தை (ஆக்சென்ட் கலர்) வால்பேப்பரிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொல்லும் ஒரு தேர்வு இருக்கிறது. அதை இயக்கினால் யானைமலைப் படத்துக்குப் பாறையின் பழுப்பும், தெப்பக்குளப் படத்துக்கு நீரின் நிறமும் பட்டன்களுக்கும் தேர்வுகளுக்கும் வந்துவிடும். வேறு ஒன்றும் செய்யாமலேயே திரை ஒரே கையால் செய்ததுபோல ஆகிவிடும். நாளெல்லாம் எழுத்து வேலை செய்பவர் வெளிச்சமான நிறத் தொகுப்பையே வையுங்கள். மதுரை வெயில் ஜன்னல் வழியாக விழும் அறையில் இருட்டுத் தீம் கண்ணைத்தான் வருத்தும்.

மூன்றாவது எழுத்துரு. இதில் ஒரு சின்ன உத்தி. நீங்கள் தேர்ந்தெடுக்கும் எழுத்துருவில் தமிழ் இல்லையென்றால், லினக்ஸ் தானாக வேறொரு தமிழ் எழுத்துருவைத் தேடி ஒட்டும். ஆங்கிலம் ஒரு தடிமனிலும் தமிழ் இன்னொரு தடிமனிலும் வந்து பல்லிளிக்கும். முக்த மலர், கட்டமரான் போன்ற எழுத்துருக்களில் தமிழும் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி வரையப்பட்டவை. இரண்டும் இலவசம். அவற்றில் ஒன்றைப் பொது எழுத்துருவாக வைத்தால் மெனு முழுவதும் ஒரே சீராகிவிடும். அளவை ஒரு புள்ளி கூட்டிப் பாருங்கள். தமிழ் எழுத்துக்கு அந்த இடம் தேவைப்படும்.

நான்காவது பேனல். டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து எடிட் மோடுக்குப் போனால் பேனலின் இடம், உயரம், அகலம், மிதப்பதா ஒட்டி நிற்பதா, ஜன்னல் வந்தால் ஒளிந்துகொள்வதா எல்லாம் கேட்கும். மெனு ஐகானில் ரைட் கிளிக் செய்து மாற்று வடிவங்களைக் காட்டச் சொன்னால், பழைய விண்டோஸ் போன்ற சிறிய மெனு, முழுத்திரை மெனு என்று தேர்வுகள் வரும். மேக் போல வேண்டும் என்பவர் மேலே ஒரு மெல்லிய பேனலில் குளோபல் மெனுவையும் (செயலியின் மெனு அந்தப் பேனலிலேயே வருவது) கடிகாரத்தையும் வைத்து, கீழே நடுவில் ஐகான் மட்டும் உள்ள பேனலை மிதக்க விடலாம். இதற்கு வெளியிலிருந்து எதுவும் இறக்க வேண்டியதில்லை.

ஐகானும் தலைப்பட்டையும் இதற்குப் பிறகுதான். பாப்பிரஸ் ஐகான் தொகுப்பு பெரும்பாலான செயலிகளுக்கும் படம் வைத்திருக்கிறது, அதனால் நடுவில் ஒன்றிரண்டு மட்டும் ஒட்டாமல் நிற்காது. பட்டன்களின் வரிசையை இழுத்து மாற்றிக்கொள்ளலாம். வயதானவர்களுக்குக் கர்சர் அளவைக் கூட்டி வையுங்கள், பிளாஸ்மா 6.1 முதல் மவுஸை வேகமாக ஆட்டினால் கர்சர் பெரிதாகி இடத்தைக் காட்டும், என் அனுபவத்தில் பெரியவர்கள் மிக ரசிக்கும் வசதி இது. க்னோமுக்காக எழுதிய சில செயலிகள் நீங்கள் வைத்த தீமைக் கண்டுகொள்ளாது; அது அவற்றின் அமைப்பு, உங்கள் பக்கம் பிழை எதுவும் இல்லை.

இப்போது ஒரு கடுமையான எச்சரிக்கை. சிஸ்டம் செட்டிங்ஸில் புதியவற்றை இறக்கு என்ற பட்டன் இருக்கிறது. அங்கே கிடைப்பவை பலரும் பதிவேற்றுபவை, கேடிஇ குழு ஒவ்வொன்றையும் சோதித்து வைப்பதில்லை. முக்கியமாக, மொத்தத் தோற்றத்தையும் ஒரேயடியாக மாற்றும் குளோபல் தீம் என்பது வெறும் நிறமும் படமும் இல்லை. அதற்குள் நிரல் ஓட முடியும். 2024 மார்ச்சில் அப்படி இறக்கிய ஒரு குளோபல் தீம் ஒரு பயனரின் ஃபைல்களை எல்லாம் அழித்துவிட்டது. கேடிஇ தரப்பே அதன்பின் எச்சரிக்கை விடுத்தது. அதனால் நிறம், ஐகான், வால்பேப்பர் ஆகியவற்றைத் தனித்தனியாக எடுங்கள். குளோபல் தீம் வேண்டும் என்றால் பலர் நீண்ட நாள் பயன்படுத்தியதை மட்டும் எடுங்கள், அதுவும் நகல் எடுத்த பிறகு.

சோதனைக்கு இன்னொரு நல்ல வழி, கணினியில் புதிதாக ஒரு பயனர் கணக்கைத் தொடங்கிக்கொள்வது. அழகுபடுத்தும் விளையாட்டை எல்லாம் அந்தக் கணக்கில் செய்து பார்த்துவிட்டு, பிடித்ததை மட்டும் உங்கள் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். வேலைக் கணக்கு எப்போதும் சுத்தமாக இருக்கும்.

எஃபெக்ட்டுகளைக் கடைசியில் தொடுங்கள். ஜன்னல் நெளிவது, கண்ணாடிபோல மங்குவது எல்லாம் பார்க்க அழகு. பழைய கணினியில், சித்திரை மாத வெக்கையில், மங்கல் எஃபெக்ட்டை அணைத்துவிடுவது விசிறியின் இரைச்சலுக்கு நல்லது. ஆனால் விண்டோஸ் கீயோடு டபிள்யூ அழுத்தினால் வரும் ஓவர்வியூவை விட்டுவிடாதீர்கள். பதினைந்து ஜன்னல்கள் திறந்திருக்கும் டி.டி.பி. கடையில் அது தினமும் உதவும். அதேபோல் கேஆர்ரன்னர் என்ற தேடல் பெட்டி: ஆல்ட், ஸ்பேஸ் அழுத்தி ஒரு கணக்கை அடித்தால் அங்கேயே விடை வரும். பத்திரிகை எண்ணிக்கைக்கு விலை சொல்ல தனிக் கால்குலேட்டர் தேட வேண்டாம். கேடிஇ கனெக்ட் போட்டால், வாடிக்கையாளர் உங்கள் போனுக்கு அனுப்பிய மணமக்கள் படம் கேபிள் இல்லாமல் கணினிக்கு வந்துவிடும்.

சின்னமன் எடுத்தவர்களுக்கும் வரிசை இதேதான்: வால்பேப்பர், நிறம், எழுத்துரு, பேனல், ஐகான். க்னோமில் எக்ஸ்டென்ஷன் மேனேஜர் செயலியை நிறுவி, ஐகான் பட்டையைத் திரையிலேயே நிறுத்தும் டேஷ் டு டாக் போல இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். கூடக்கூட உடைவதும் கூடும்.

படி 7: செய்த வேலையைக் காப்பாற்றுங்கள்

திரை மனதுக்குப் பிடித்தபடி அமைந்ததும் அதே நாளில் நகல் எடுங்கள். ஹோம் ஃபோல்டரில் கன்ட்ரோல், ஹெச் அழுத்தினால் மறைந்த ஃபோல்டர்கள் தெரியும். அவற்றில் கான்ஃபிக் என்று புள்ளியில் தொடங்கும் ஃபோல்டரில்தான் பேனல், நிறம், குறுக்குவிசைகள் எல்லாம் இருக்கின்றன. பக்கத்தில் லோக்கல் என்ற ஃபோல்டரில் தீமும் ஐகானும் இருக்கும். இரண்டையும் வெளி டிஸ்க்கில் காப்பி செய்தால் போதும். பின்னால் எதையாவது மாற்றிக் குழம்பிவிட்டால் வேறொரு கணக்கிலிருந்து இவற்றைத் திரும்ப வைத்துவிடலாம். மின்டில் டைம்ஷிஃப்ட் என்ற கருவி சிஸ்டத்தின் நிலையைப் படம்பிடித்து வைக்கும். அதை வாராந்திரமாக ஓடும்படி வையுங்கள். ஆனால் அது இயல்பாக உங்கள் ஆவணங்களை நகலெடுக்காது, அதற்குத் தனி ஏற்பாடு வேண்டும்.

சின்ன அப்டேட்டுகளை அவ்வப்போது போட்டுக்கொள்ளுங்கள். பெரிய பதிப்பு ஏற்றத்தை வந்த உடனே செய்ய வேண்டாம். ஓரிரு வாரம் பொறுத்து, புதிய பதிப்பை மறுபடி வென்டாய் பென்டிரைவில் லைவாக ஓட்டி, தமிழ் தட்டச்சும் பிரிண்டரும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துவிட்டு ஏற்றுங்கள். ஆவணியோ தையோ, முகூர்த்த மாதத்தில் பத்திரிகைக் கடையில் பதிப்பு ஏற்றவே வேண்டாம். ஆடியில் வேலை குறைவாக இருக்கும்போது செய்துகொள்ளலாம்.